ஆய்வக அறிக்கையைக் கடைசி வரியிலிருந்து படிக்காதீர்கள்

குற்றப்பத்திரிகை நகல் கைக்கு வந்ததும் ஜூனியர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கட்டைப் புரட்டி, தடய அறிவியல் ஆய்வக அறிக்கை எங்கே என்று தேடி, அதன் கடைசி வரியைப் படிக்கிறார்கள். "ஹியூமன் பிளட், பி குரூப்" என்று இருந்தால் முகம் தொங்கிவிடும்.

நானும் அப்படி இருந்தவன்தான். தென் மாவட்டம் ஒன்றில் 23 வருடமாக எதிரித் தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம், செஷன்ஸ் வழக்குகள் நடத்துகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கொலை வழக்குக் கட்டைப் படித்துவிட்டு, "சார், அரிவாள்ல செத்தவர் குரூப் ரத்தம் இருக்கு, இது கன்விக்‌ஷன்தான்" என்று சீனியரிடம் போய் நின்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அரிவாளுக்குக் கைப்பிடி என்னடா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்தால், பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் மகஜரில் மரக் கைப்பிடி. ஆய்வக அறிக்கையின் பொருள் விவரத்தில் இரும்புக் குழாய்க் கைப்பிடி. ஆய்வகம் ஒரு தவறும் செய்யவில்லை. அவர்களிடம் வந்த அரிவாளில் மனித ரத்தம் இருந்தது, பி குரூப்தான். அது எந்த அரிவாள் என்பதுதான் பேச்சு.

அன்றிலிருந்து நான் அறிக்கை படிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். எதிரித் தரப்புக்காக எழுதுவதுபோலத் தோன்றும். ஆனால் பி.பி. (அரசு வழக்கறிஞர்) அலுவலகத்தில் இருப்பவர்களும் இதையே சார்ஜ் ஷீட் போவதற்கு முன்னால் செய்துவிட்டால் எனக்குப் பாதி வேலை குறையும்.

முடிவை மூடி வையுங்கள்

நிஜமாகவே ஒரு வெள்ளைத்தாளை வைத்து முடிவுப் பகுதியை மறையுங்கள். அது கண்ணில் பட்டுவிட்டால் மனம் அதற்கு ஏற்பவே மற்றதைப் படிக்கும். மேலே உள்ள சலிப்பூட்டும் பகுதியில்தான் வேலை இருக்கிறது: எந்த நீதிமன்றத்தின் எந்தக் கடிதத்தின்படி பொருள் வந்தது, எந்தத் தேதியில் வந்தது, கொண்டுவந்த காவலர் யார், எத்தனை பொட்டலம், அரக்கு முத்திரை சிதையாமல் இருந்ததா, அனுப்பிய மாதிரி முத்திரையோடு பொருந்தியதா, ஒவ்வொரு பொட்டலத்திலும் என்ன இருந்தது.

ஒரு லெட்ஜர் தாளை அகலவாக்கில் வைத்து ஐந்து கட்டம் போடுங்கள். சம்பவ இடம், காவல் நிலையம், நீதித்துறை நடுவர் நீதிமன்றம், ஆய்வகம், மறுபடி நீதிமன்றம். கீழே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு கட்டத்திலும் தேதி, யார் கை, பொருளின் வர்ணனை, முத்திரை. அவ்வளவுதான் கருவி. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் எக்ஸெலில் போடுகிறார்கள். எனக்குப் பென்சில்தான் வசதி, அழிக்கலாம்.

நம் ஊரில் பொருள் போகும் வழி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஐ.ஓ. (விசாரணை அதிகாரி) சம்பவ இடத்தில் வி.ஏ.ஓ.வையும் கிராம உதவியாளரையும் சாட்சியாக வைத்து ரத்தம் தோய்ந்த மண், ரத்தமில்லா மண், செருப்பு, துண்டு என்று மகஜர் எழுதிக் கைப்பற்றுவார். அப்புறம் எதிரி கைதாகி, வாக்குமூலம் கொடுத்து, "மறைத்து வைத்த இடத்தைக் காட்டுகிறேன்" என்று கூட்டிப் போய் ஆயுதத்தை எடுத்துக் கொடுப்பார். இதற்கும் வி.ஏ.ஓ.தான் சாட்சி. பொருள்களெல்லாம் ஃபாரம் 95 என்ற படிவத்தில் பட்டியலிடப்பட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போகும். ஐ.ஓ. கொடுக்கும் வேண்டுகோளின் பேரில் நடுவர் கடிதம் எழுத, ஒரு காவலர் ஆய்வகத்துக்கு எடுத்துப் போவார்.

இதில் ஃபாரம் 95-ஐ மட்டும் இரண்டு முறை பாருங்கள். ஐ.ஓ. போட்ட தேதி ஒன்று இருக்கும். ஓரத்தில் நடுவர் சுருக்கொப்பமிட்ட தேதி இன்னொன்று இருக்கும். ஐந்தாம் தேதி கைப்பற்றிய அரிவாள் இருபத்தாறாம் தேதிதான் நீதிமன்றம் வந்தது என்றால், நடுவில் 21 நாள் அது எங்கே இருந்தது, எந்த நிலையில் இருந்தது, நிலையத்துப் பொருள் பதிவேட்டில் பதிவானதா? இந்தக் கேள்விக்கு ஐ.ஓ.விடம் பதில் இருந்தால் அவர் சொல்லிவிடுவார், நமக்கு நஷ்டமில்லை. பெரும்பாலும் "ஞாபகம் இல்லை" என்றுதான் வரும்.

இதெல்லாம் அற்பக் குறை என்று தள்ளிவிடும் நீதிபதிகள் உண்டு. அப்போது டெல்லி சாவ்லா வழக்கைச் சொல்லலாம். 2012-ல் பத்தொன்பது வயதுப் பெண் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கு. கீழே இரண்டு நீதிமன்றமும் தூக்குத் தண்டனை கொடுத்திருந்தன. 2022-ல் உச்ச நீதிமன்றம் எதிரிகள் மூவரையும் விடுதலை செய்தது. பிப்ரவரி 14, 16 தேதிகளில் எடுத்த மாதிரிகள் 27-ஆம் தேதிதான் ஆய்வகம் போயின, அதுவரை காவல் நிலையப் பொருள் அறையில் கிடந்தன என்பது காரணங்களில் ஒன்று. ஊரே கொதித்தது. அந்தக் குடும்பத்தை நினைத்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பதினோரு நாள் கணக்கை அப்போதே யாராவது பார்த்திருக்கலாம்.

என்ன கேட்டார்கள் என்று பாருங்கள்

ஆய்வகம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். அதனால் அறிக்கைக்குப் பக்கத்திலேயே நடுவர் அனுப்பிய கடிதத்தின் அலுவலக நகலை வைத்துக்கொள்ளுங்கள். நகல் கட்டில் இல்லையென்றால் மனுப் போட்டு வாங்குங்கள்.

ரத்த வழக்கில் வழக்கமாக இரண்டு அறிக்கை வரும், உயிரியல் பிரிவிலிருந்து ஒன்று, ரத்த வகை பார்க்கும் சீராலஜியிலிருந்து ஒன்று. முதலில் நிறம் மாறும் ஒரு சோதனை. அது "ரத்தமாக இருக்கலாம்" என்பதைத்தான் சொல்லும், சில தாவரச் சாறுகளும் துருவும்கூட அதை ஏமாற்றிவிடும். அடுத்து மனித ரத்தமா விலங்கு ரத்தமா என்ற சோதனை. கடைசியில் குரூப். ரத்தமில்லா மண்ணையும் சேர்த்து அனுப்புவது, அந்த மண்ணே சோதனையில் நிறம் காட்டவில்லை என்று உறுதி செய்யத்தான். சில கட்டுகளில் அந்த மண் மகஜரில் இருக்கும், ஆய்வகப் பட்டியலில் இருக்காது. குறித்துக்கொள்ளுங்கள்.

"பி குரூப்" என்று வந்தால் அது செத்தவருடைய ரத்தம் என்று ஆகிவிடாது. நம் ஊரில் ஓ-வும் பி-யும்தான் அதிகம், கோர்ட் வராந்தாவில் நிற்பவர்களில் கை தூக்கச் சொன்னாலே தெரியும். எதிரியின் சொந்த குரூப் என்ன என்று யாராவது பார்த்தார்களா? கைதின்போது அவர் கையில் வெட்டுக்காயம் இருந்து, அவரும் பி என்றால், அந்தச் சட்டைக் கறையில் மிஞ்சுவது என்ன? செத்தவருடைய குரூப் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். பிரேதப் பரிசோதனையின்போது எடுத்த ரத்தத்திலிருந்தா, அவர் போட்டிருந்த சட்டையிலிருந்தா?

அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. "டிடெக்டெட்", "நாட் டிடெக்டெட்" இரண்டும் புரியும். "இன்கன்க்ளூசிவ்" என்றால் முடிவு சொல்ல முடியவில்லை என்று பொருள், பொருந்தவில்லை என்றல்ல. அதை வைத்து "விஞ்ஞானமே எங்கள் பக்கம்" என்று வாதாடினால் நீதிபதி சிரிப்பார். "டிஸின்டிகிரேட்டட்" என்றால் கறை சிதைந்துவிட்டது. ஈரத் துணியைக் காயவைக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டினால் அப்படித்தான் ஆகும். நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட வேண்டும். இது ஐ.ஓ.க்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே ஒரு ஏட்டை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவரிடம் நிழலையும் காகிதத்தையும் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

விஷ வழக்கு

இந்தியாவின் முதல் கெமிக்கல் எக்ஸாமினர் (ரசாயனப் பரிசோதகர்) ஆய்வகம் 1849-ல் சென்னையில்தான் தொடங்கியது. விஷச் சாவுகளைச் சோதிப்பதுதான் இந்த மாதிரி ஆய்வகங்களின் பிழைப்பாக இருந்தது. இன்றைக்கும் மயிலாப்பூரில், காமராஜர் சாலையில் இருக்கும் தடய அறிவியல் துறைக்கும் வட்டார ஆய்வகங்களுக்கும் உள்ளுறுப்புப் பாட்டில்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

பாட்டில்களை எண்ணுங்கள். வயிறும் அதில் இருந்ததும், குடல், கல்லீரல், சிறுநீரகம், ரத்தம் எல்லாம் பிரேதப் பரிசோதனைச் சான்றில் எழுதியபடி ஆய்வகப் பட்டியலிலும் இருக்க வேண்டும். கூடவே, உறுப்புகளைப் போட்டு வைத்த உப்புக் கரைசலில் கொஞ்சம் தனியாக அனுப்பியிருக்க வேண்டும். விஷம் கரைசலிலிருந்து வரவில்லை என்று காட்ட அது ஒன்றுதான் வழி.

"விஷம் இல்லை" என்று அறிக்கை வந்தால் துள்ளாதீர்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து, வயிறு கழுவி, அப்புறம் இறந்தவர் உடம்பில் விஷம் அகப்படாமல் போகலாம். அப்படியானால் வயிறு கழுவிய நீரை ஆஸ்பத்திரியில் எடுத்து வைத்தார்களா என்று கேட்க வேண்டியது பி.பி.யின் வேலை. டாக்டர் முதலில் சாவுக் காரணத்தை நிறுத்தி வைத்திருப்பார், ரசாயன அறிக்கை வந்த பிறகு இறுதிக் கருத்து தருவார். இரண்டின் தேதியையும் உங்கள் தாளில் எழுதுங்கள். அறிக்கையைப் பார்க்காமலேயே இறுதிக் கருத்து எழுதப்பட்டதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

விரல்ரேகை

விரல்ரேகை வழக்கு வந்தால் ஜூனியர்களுக்கு நான் சொல்லும் கதை இது. விரல்ரேகைகளை வகை பிரித்து அடுக்கும் முறை கல்கத்தாவில்தான் உருவானது. வங்காளப் போலீஸ் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்த அசிசுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும். 1897-ல் அங்கே ரேகைப் பணியகம் வந்தது. அடுத்த வருடமே ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கழுத்தறுபட்டுக் கிடந்தார், பணம் போயிருந்தது. அவருடைய பொருள்களுக்கு நடுவே ஒரு வங்காளப் பஞ்சாங்கம், அதில் பழுப்பாக ஒரு கட்டைவிரல் பதிவு. அது அவரிடம் முன்பு வேலை பார்த்து, திருட்டுக்காக ஏற்கெனவே சிறை போய் வந்த ஒருவருடைய ரேகையோடு பொருந்தியது. நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? திருட்டுக்குத் தண்டித்தது. கொலைக்கு விடுவித்தது.

அந்தக் கை அந்தப் பஞ்சாங்கத்தைத் தொட்டது. கழுத்தை அறுத்தது அதே கைதான் என்று ரேகை சொல்லவில்லை. 125 வருடத்துக்கு மேலாகியும் ரேகை வழக்கில் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: என் கட்சிக்காரர் அந்த இடத்துக்கு வேறு காரணத்துக்காக வந்து போகக்கூடியவரா? கடையின் வேலையாள் என்றால் கல்லாப்பெட்டியில் அவர் ரேகை இருக்கத்தான் செய்யும். பூட்டிய பீரோவின் உள்பக்கம் இருந்தால் கதை வேறு. ஆகவே "ரேகை பொருந்தியது" என்பதோடு நிற்காமல், எந்தப் பொருளில், எந்தப் பக்கத்தில், எந்த உயரத்தில் என்று பார்வை மகஜரையும் புகைப்படத்தையும் வைத்துப் பாருங்கள்.

டிஎன்ஏ

டிஎன்ஏ என்று சொன்னதும் கோர்ட்டில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அதற்குத் தகுதியான விஞ்ஞானம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் வரும் அறிக்கை பல நேரம் ஒன்றரைப் பக்கம். "மாதிரி அ-வும் மாதிரி ஆ-வும் ஒரே நபருடையவை" என்று ஒரு வரி. அந்த வரி மட்டும் போதாது. டிஎன்ஏ-வில் எத்தனை இடங்களில் ஒப்பிட்டார்கள், ஒவ்வொன்றிலும் என்ன எண் வந்தது என்ற அட்டவணை, மெஷின் வரைந்த கூம்புக் கோட்டுப் படம், இரண்டு மூன்று பேர் டிஎன்ஏ கலந்திருந்ததா, சம்பந்தமில்லாத ஒருவர் தற்செயலாகப் பொருந்த எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு, இவற்றை மனுப் போட்டுக் கேளுங்கள். சாவ்லா தீர்ப்பிலேயே, டிஎன்ஏ அறிக்கையின் அடிப்படையையும் நுட்பம் சரியாகக் கையாளப்பட்டதா என்பதையும் கீழ் நீதிமன்றங்கள் ஆராயவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

நம் பக்கத்து வழக்கு ஒன்றும் இருக்கிறது. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் 2011-ல் நடந்த இரட்டைக் கொலை. தூக்குத் தண்டனை வரை போய், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. டிஎன்ஏ மாதிரிகளைக் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டைகளைப் பார்த்துவிட்டு நாடு முழுமைக்கும் நெறிமுறை வகுத்தார்கள். மாதிரி எடுத்த ஆவணத்தில் டாக்டர், ஐ.ஓ., சுதந்திரமான சாட்சிகள் கையெழுத்து வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், தாமதமானால் காரணம் எழுத வேண்டும். விசாரணையோ மேல்முறையீடோ நிலுவையில் இருக்கும்போது நீதிமன்ற அனுமதியில்லாமல் பொட்டலத்தைத் திறக்கக்கூடாது. கைமாறிய ஒவ்வொரு கட்டமும் ஒரு பதிவேட்டில் ஏறி, அது வழக்குக் கட்டோடு சேர வேண்டும். நான் மேலே சொன்ன ஐந்து கட்டத் தாளை இனி போலீஸே எழுதித் தர வேண்டும் என்று அர்த்தம். அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால், இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள்.

புதுச் சட்டத்தால் வந்தவை

2024 ஜூலை 1-க்குப் பிறகான வழக்கென்றால் இரண்டு விஷயம் கூடுதல். ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வந்து தடயம் சேகரித்து, அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 176(3). மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்து வருட அவகாசம் உண்டு, அதனால் அரசாணைத் தேதியையும் பாருங்கள். பிரிவு 105-ன்படி சோதனையும் கைப்பற்றுதலும் வீடியோவில் பதிவாக வேண்டும். வீடியோவை ஓடவிட்டு மகஜரை வரிவரியாக ஒப்பிடுங்கள். மகஜரில் மாலை 5 மணி, வீடியோவில் ட்யூப்லைட் வெளிச்சம், இப்படியெல்லாம் அகப்படும். செல்போன், சிசிடிவி பதிவுகளுக்குப் புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63-ன் சான்றிதழ் இருக்கிறதா, அதன் இரண்டு பகுதியும் நிரப்பப்பட்டு ஹேஷ் எண் (பதிவின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். பதிவில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும், ஆகவே கையால் எழுதியிருந்தால் சரிபாருங்கள்.

நிபுணரைக் கூண்டுக்கு அழைப்பதா?

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293, இப்போது பி.என்.எஸ்.எஸ். 329. அரசு விஞ்ஞான நிபுணர்கள் சிலரின் அறிக்கையை, அவர்களைக் கூண்டில் ஏற்றாமலேயே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். மாநில, மத்திய ஆய்வகங்களின் இயக்குநர், துணை இயக்குநர், உதவி இயக்குநர், கெமிக்கல் எக்ஸாமினர், சீராலஜிஸ்ட் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. (பிளேக் தடுப்பூசிக்குப் பெயர்போன மும்பை ஹாஃப்கின் நிறுவனத்தின் இயக்குநரும் இருக்கிறார். 2023-ல் சட்டத்தைப் புதிதாக எழுதியபோதும் அவரை எடுக்கவில்லை.) எனவே கையெழுத்துக்குக் கீழே பதவி என்ன என்று பாருங்கள். பட்டியலில் இல்லாத பதவி, அரசு அறிவிக்கையும் இல்லை என்றால், அறிக்கையைச் சும்மா சான்றாவணமாகக் குறியீடு செய்ய விடாதீர்கள். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் இந்தப் பட்டியலில் கிடையாது.

நிபுணரை வரவழைக்க மனுப் போடும் உரிமை நமக்கு உண்டு. போடலாமா என்பது வேறு கேள்வி. அறிக்கையில் இருக்கும் ஓட்டை நமக்கு உதவுகிறது, அவர் வந்தால் அடைத்துவிடுவார் என்றால் அழைக்காதீர்கள். அந்த ஓட்டையை வாதத்தில் காட்டுங்கள். மாதிரி எப்படிச் சேர்ந்தது, எதை அவரிடம் கேட்கவில்லை, எதை அவரால் சொல்ல முடியாது, இந்த மூன்றில் ஏதாவது அவர் வாயால் வர வேண்டும் என்றால் மட்டும் அழையுங்கள். ஆய்வகத்துக்காரர்கள் பொதுவாக நேர்மையாகப் பதில் சொல்பவர்கள். அவர்களைத் திட்டி மடக்கப் பார்ப்பது வீண்.

ஒரு வழக்கில் நான் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். "உங்களிடம் வந்த வேட்டியில் கறை எந்தப் பக்கம் இருந்தது என்று அறிக்கையில் இல்லை?" "இல்லை." "எவ்வளவு பெரிய கறை என்றும் இல்லை?" "இல்லை." அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு சந்தோஷத்தில், "ஏன் எழுதவில்லை?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா பையிலிருந்து தன் வேலைக் குறிப்பேட்டை எடுத்தார். கறையின் நீளம், அகலம், முன்பக்கம், இடுப்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே என்று வரைபடத்தோடு வைத்திருந்தார். பி.பி. எழுந்து அதையும் சான்றாவணமாகக் குறியிடச் சொன்னார்.

இப்போதெல்லாம் நிபுணர் வருகிறார் என்றால் முன்கூட்டியே அந்தக் குறிப்பேட்டின் நகலுக்கு மனுப் போட்டுவிடுகிறேன். கேள்விகளை ஒரு தாளில் எழுதி, கடைசிக் கேள்விக்குக் கீழே தடியாக ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன். கோடு வந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும்.